மீன் வண்டியில் "ஈசிஎம் போச்சு" என்று சொன்னால்: மாற்றும் முன்பும் மாற்றும்போதும்

கேள்வி இது: 2013 மாடல் 12 வோல்ட் மினி லாரி, காமன் ரெயில் டீசல் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் 'ரெயில்' என்ற ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை). பாம்பனில் மீன் ஏற்றி மதுரைக்குப் போகும் வண்டி. ஓட்டத்திலேயே திடீரென்று அணைகிறது. சில காலைகளில் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. குறையைப் படிக்கும் ஸ்கேனர் ஒருநாள் வண்டியோடு சேர்கிறது, மறுநாள் சேர்வதில்லை. மெக்கானிக் "ஈசிஎம் போச்சு" என்கிறார், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி கெட்டுவிட்டது என்று. மதுரையில் கழித்த வண்டியின் ஈசிஎம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கி மாட்டினால் ஓடுமா?

வெறுமனே மாட்டினால் பெரும்பாலும் ஓடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் ஈசிஎம் உண்மையிலேயே போய்விட்டதா என்பதே எனக்குச் சந்தேகம். செத்த பெட்டி ஒருநாள் பேசி மறுநாள் வாய் மூடிக்கொள்ளாது. விட்டுவிட்டுச் சேர்கிறதென்றால் அதற்குப் போகும் கரன்ட்டோ எர்த்தோ விட்டுவிட்டுப் போகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு உண்டு. வண்டி சூடேறிய பிறகு மட்டும் அணைந்து, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி பிடித்து, இதே ஒழுங்கில் திரும்பத் திரும்ப நடந்தால் உள்ளே சால்டர் விட்டிருக்கலாம். அப்போதும் இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை முதலில் பாருங்கள், அதுவும் சூட்டில் இதே மாதிரிதான் படுத்தும். உங்கள் வண்டி காலையில், பனி ஈரத்தில் அடம்பிடிக்கிறது. அது வயரிங்கின் குணம்.

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை அரித்த அதே காற்றுதான் உங்கள் வண்டியின் வயர்களை இணைக்கும் கப்ளருக்குள்ளும் போகிறது. கூடவே மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் வேறு. அதில் உப்பும் மீன் நீரும் கலந்திருப்பதால் வெறும் மழைத் தண்ணீரைவிடப் பல மடங்கு கெடுதல். வலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளிலும் இதே கதைதான்.

சோதனையை பேட்டரியில் தொடங்குங்கள். ராத்திரி நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் ஈசிஎம் நடுவில் தூங்கிவிடும். இன்ஜின் சுற்றும், டீசல் அடிக்காது. இதைப் பார்த்து ஈசிஎம்மைக் குறை சொன்னவர்கள் ஏராளம். 24 வோல்ட் வண்டியாக இருந்தால் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சேர்த்து அளந்தால் நல்ல பேட்டரி கெட்டதை மறைத்துவிடும்.

அடுத்தது மெயின் ரிலே. சாவியைப் போட்டதும் பெரும்பாலான வண்டிகளில் ஈசிஎம்தான் இந்த ரிலேயின் காயிலுக்கு எர்த் கொடுத்து இழுக்கிறது. பிறகு ரிலேயின் 87-ஆம் காலிலிருந்து ஈசிஎம்முக்கே முழு கரன்ட் வருகிறது. சாவி போட்டதும் 'டிக்' சத்தம் இல்லை, மீட்டரில் செக் லைட்டும் வரவில்லை என்றால் ரிலேயைக் கழற்றி சாக்கெட்டைப் பாருங்கள். பச்சைக் களிம்பு கண்ணுக்குத் தெரியும். நடுவில் பியூஸ் வைத்த ஒரு வயரால் சாக்கெட்டில் பேட்டரி கரன்ட் வரும் 30-ஐயும் 87-ஐயும் இணையுங்கள். இப்போது ஸ்கேனர் சேர்ந்துவிட்டால் குறை ரிலேயிலோ அதை இழுக்கும் வயரிலோ இருக்கிறது. இது சோதனைக்கு மட்டும்தான். இப்படியே வண்டியை ஓட்டினால் சாவியை எடுத்த பிறகும் ஈசிஎம் விழித்தே இருக்கும், விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிடும்.

மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் இங்கே ஏமாந்து போவோம். களிம்பு தின்று ஒரே ஓர் இழை செம்பு மிச்சமிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் முழுதாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட் இழுப்பதே இல்லை. ஆகவே இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் சால்டர் செய்துகொள்ளுங்கள். சாவியை அணைத்து ஈசிஎம் கப்ளரைக் கழற்றிவிட்டு, மெயின் ரிலே சாக்கெட்டில் 30-ஐயும் 87-ஐயும் அதே பியூஸ் வயரால் இணைத்து, கப்ளரின் பேட்டரி பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் அந்தப் பல்பைக் கொடுங்கள். அது ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். நேராக பேட்டரியில் எரிவது போலவே பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் குற்றவாளி வயர். எர்த் பின் இரண்டு மூன்று இருக்கும், ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். எது எந்தப் பின் என்பதற்கு அந்த வண்டியின் வயரிங் படம் கட்டாயம் வேண்டும். ஊகித்துக் குத்தக் கூடாது. கப்ளர் பின்னுக்குள் டெஸ்ட் லாம்ப் ஊசியைத் திணித்தால் பின் விரிந்து, இல்லாத குறை ஒன்று புதிதாகப் பிறக்கும். அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றில் வயர் பிடித்து நுழைப்பதுதான் முறை.

பியூஸ் வயரை எடுத்துவிட்டு, ரிலேயையும் கப்ளரையும் மறுபடி மாட்டி சாவியைப் போட்டு, பேட்டரி நெகடிவ் முனைக்கும் ஈசிஎம் எர்த் வயருக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1-க்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் போதும், சென்சார்கள் சொல்வதெல்லாம் பொய்யாகிவிடும். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு, சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கு, கேபினுக்கு என்று போகும் எர்த் பட்டைகளைக் கழற்றி, வளையத்துக்கு அடியில் வெள்ளை இரும்பு தெரியும்வரை எமரி தாளால் தேய்த்து, புது ஐலெட், பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் எர்த் வயரின் உறையை இரண்டு அங்குலம் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். கறுத்த செம்பில் சால்டர் ஒட்டாது.

ஸ்கேனர் சேரும் நாளில் பாதி சோதனை சுலபம். செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பாருங்கள். பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் தேடுங்கள். ஆர்பிஎம் வந்து ரெயில் அழுத்தம் 200 பாரை எட்டவில்லை என்றால் டீசல் பக்கம் போங்கள்: ஃபில்டர், காற்று இழுக்கும் பைப், பம்ப் வால்வு, ரிட்டர்ன் அதிகம் விடும் இன்ஜெக்டர். இவை எதற்கும் ஈசிஎம் பொறுப்பில்லை.

ஈசிஎம் செத்தது போலவே நடிக்கும் குறை 5 வோல்ட் லைன். ரெயில் பிரஷர் சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல், பூஸ்ட் சென்சார் எல்லாவற்றுக்கும் ஈசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரு சென்சாருக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி ஷார்ட் ஆனால் அந்த லைனில் இருக்கும் எல்லாமே படுத்துவிடும். ஒரே நேரத்தில் ஐந்தாறு ஃபால்ட் கோடு வரும், பார்ப்பவர் "பெட்டி போச்சு" என்பார். சாவி போட்ட நிலையில் ஒரு சென்சார் கப்ளரில் 5 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் கெட்டது. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லையா? சாவியை அணைத்து ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, அந்த 5 வோல்ட் வயர் பாடியோடு தொடுகிறதா என்று ஓம் பாருங்கள். வயர் சுத்தமாக இருந்தால் ஈசிஎம்முக்கு உள்ளேதான் குறை. பல ஈசிஎம்களில் இரண்டு மூன்று தனித்தனி 5 வோல்ட் லைன்கள் உண்டு, அதனால் ஒரு சென்சாரில் வந்தது என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்கேனர் சேராத நாளுக்கு ஒரு சோதனை. பேட்டரியைக் கழற்றிவிட்டு 16 பின் ஸ்கேனர் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் இடையே ஓம் பாருங்கள். 60 வந்தால் கேன் லைன், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் இரட்டை வயர், சரி. 120 வந்தால் லைன் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டு வயரும் ஒட்டியிருக்கின்றன. சாக்கெட்டுக்கும் லைனுக்கும் நடுவில் கேட்வே என்ற தனிப் பெட்டி இருக்கும் வண்டிகளில் இந்தக் கணக்கு மாறும். சில பழைய வண்டிகள் 7-ஆம் பின்னில் கே-லைன் என்ற ஒற்றை வயர் வழியாகப் பேசும். அவற்றில் சாவி போட்டதும் அந்தப் பின்னில் பேட்டரி வோல்ட்டுக்குப் பக்கமாக வர வேண்டும். சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்குக் கரன்ட்டும் 4, 5-க்கு எர்த்தும் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு பியூஸ் போனதற்கே ஈசிஎம் விலை பேசப்படுவதுண்டு.

இதெல்லாம் முடிந்த பிறகு ஈசிஎம் கப்ளரின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை என்றால் செம்பில் களிம்பு, வெள்ளைத் தூள் என்றால் உப்பு. கப்ளர் ரப்பர் நன்றாக இருந்தும் உள்ளே ஈரம் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வயர் உறைக்குள் இழைகளுக்கு இடையே தண்ணீர் திரி போல ஏறி நடக்கும். இன்ஜினுக்கு அடியில் எங்கோ உறை கிழிந்த இடத்தில் நுழைந்தது ஈசிஎம் பின்னில் வந்து சொட்டும். டெஸ்ட் லாம்ப் ஊசியால் வயரைக் குத்திப் பார்க்கும் பழக்கம் கடலில்லாத ஊர்க்காரர்களுக்குச் சாதாரணமாக இருக்கலாம். கடற்கரையில் அந்த ஊசித் துளை ஒரு வாடைக் காலம் தாண்டாது, வயர் உள்ளேயே அழுகிவிடும். களிம்பைக் காண்டாக்ட் கிளீனரும் மெல்லிய பிரஷும் கொண்டு எடுங்கள். எமரி தாள் படவே கூடாது, பின்மேல் இருக்கும் பூச்சு போனால் அடுத்த மாதமே மறுபடி பச்சை பூக்கும். காலியான பின் ஓட்டைகளில் ரப்பர் அடைப்பு இருக்கிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. பல்பு பளிச்சென்று எரிகிறது, எர்த் சுத்தம், கேன் 60 ஓம், ஆனால் ஸ்கேனர் ஒருநாளும் சேர்வதில்லை, அல்லது வயர் சுத்தமாக இருந்தும் 5 வோல்ட் வரவில்லை, அல்லது நல்ல இன்ஜெக்டர் போட்டும் ஒரு சிலிண்டருக்கு மட்டும் அடிப்பே இல்லை. இப்போதுதான் ஈசிஎம்மைக் குற்றம் சொல்லலாம்.

மூன்று வழிகள் உண்டு. என் முதல் சாய்வு ரிப்பேருக்கு. மின்சாரப் பகுதி மட்டும் போயிருந்தால், அதாவது இன்ஜெக்டர் டிரைவர், ரெகுலேட்டர், கெப்பாசிட்டர் போன்றவை என்றால், சிப் அளவில் வேலை செய்யும் கடையில் அதை மட்டும் மாற்றலாம். உள்ளே இருக்கும் டேட்டா அப்படியே இருப்பதால் சாவி, கோடிங் என்று எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் போர்டில் உப்பு படிந்து தடங்கள் அரித்திருந்தால் ரிப்பேருக்குப் பணம் போடாதீர்கள். இன்று ஓடும், அடுத்த மழையில் நிற்கும்.

புதுப் பெட்டி பெரும்பாலும் வெறுமையாகவோ பொதுவான மென்பொருளோடோ வரும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் உங்கள் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, அந்த வண்டிக்கான மென்பொருளை ஏற்றி, சாவியைப் பழக்க வேண்டும். செலவு அதிகம், தலைவலி குறைவு. வாங்குவதற்கு முன்பே "ஏற்றிக் கொடுப்பீர்களா" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாட்டிப் பார்த்த எலக்ட்ரிக்கல் பொருளைத் திரும்ப எடுக்கும் கடை அரிது.

நீங்கள் கேட்ட பழைய பெட்டிக்கு வருவோம். லேபிளில் குறைந்தது இரண்டு நம்பர் இருக்கும். ஒன்று ஈசிஎம் தயாரித்தவருடையது. போஷ் டீசல் பெட்டி என்றால் 0281-இல் தொடங்கும் பத்து இலக்கம். மற்றது வண்டிக் கம்பெனியின் பார்ட் நம்பர். இரண்டும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போக வேண்டும். கப்ளர் பொருந்துகிறது என்பது எதற்கும் சாட்சி கிடையாது. ஒரே கூட்டில் 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் வரும், ஒரே மாடலில் இரண்டு குதிரைத் திறனுக்கு இரண்டு மென்பொருள் வரும். நம்பர் ஒத்தாலும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது வேறொரு வண்டியின் சாவி, வேறொரு இன்ஜினின் இன்ஜெக்டர் கோடு (ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு அடிக்கும் என்பதற்கான திருத்த எண்). சாவியை அடையாளம் தெரிந்தால்தான் ஓடவிடும் இம்மொபிலைசர் உள்ள வண்டியில் செல்ஃப் சுற்றும் அல்லது ஓரிரு நொடி பிடித்து அணையும், அவ்வளவுதான்.

எனவே குளோனிங் வேண்டும். உங்கள் பழைய பெட்டியின் ஃபிளாஷ், ஈஈபிராம் என்ற இரண்டு நினைவகங்களையும் படித்து வாங்கிய பெட்டியில் எழுதுவது. ஃபிளாஷில் இன்ஜின் ஓடும் மென்பொருள் இருக்கிறது, ஈஈபிராமில் சாவி, சேஸிஸ் நம்பர், இன்ஜெக்டர் கோடு, கற்றுக்கொண்ட மதிப்புகள். போஷின் இடிசி16 வகைப் பெட்டிகளில் ஈஈபிராம் தனிச் சிப்பாக இருக்கும். மெயின் பிராசஸர் போயிருந்தாலும் அந்தச் சிப்பை எடுத்துப் படிக்க வாய்ப்புண்டு. அதற்கு அடுத்த இடிசி17-இல் பெரும்பாலும் இந்தத் தகவல் பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிறது, அப்படிப்பட்டதில் பிராசஸர் செத்தால் டேட்டாவும் அதோடு போகும். வேலை செய்பவரிடம் ஒன்றை வற்புறுத்துங்கள்: இரண்டு முறை படித்து இரண்டு கோப்பும் ஒன்றுதானா என்று ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும். அசல் கோப்பின் ஒரு நகலை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "இஜிஆரையும் (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) சேர்த்து ஆஃப் பண்ணித் தருகிறேன்" என்று சிலர் இனாமாகச் சொல்வார்கள். வேண்டாம். அது சட்டப்படி தவறு. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடந்தோறும் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், அங்கே சிக்கிக்கொள்ளலாம்.

பெட்டி ஒருநாள் பேசுகிறது என்றீர்களே, அந்த நாளை வீணாக்காதீர்கள். ஸ்கேனரில் சேஸிஸ் நம்பர், மென்பொருள் நம்பர், இன்ஜெக்டர் கோடுகள் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். பேசாவிட்டால் இன்ஜெக்டர் தலையில் பொறித்திருப்பதைத் துணியால் துடைத்து எழுதுங்கள். போஷில் ஆறோ ஏழோ எழுத்து, டெல்ஃபியில் 16 அல்லது 20. உப்பில் துருவேறி '8', 'பி' என்று குழப்பும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எது ஒன்றாம் சிலிண்டர் என்பதை அந்த இன்ஜின் புத்தகத்தில் உறுதி செய்யுங்கள். கோடு எழுதாமல் விட்டால் வண்டி ஓடும், ஆனால் ஐடில் ஆடும், தட்டும், புகை வரும். கடைசியில் நல்ல இன்ஜெக்டரைக் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

கழற்றி மாட்டுவது சின்ன வேலை. சாவியை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், ஈசிஎம் தன் கணக்கை எழுதி முடித்துத்தான் உறங்கும். பிறகு பேட்டரி நெகடிவ், அதன் பின் கப்ளர். அலுமினியக் கூட்டில் இரும்பு போல்ட் உப்பால் இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயில் விட்டு வையுங்கள், முறுக்கி உடைத்தால் துளை போட்டு எடுக்கும் வேலை வரும். பின்களை விரலால் தொடாதீர்கள். அதிர்வு ரப்பர்கள் நான்கும் நன்றாக இருக்க வேண்டும். கப்ளருக்கு வரும் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறும்படி கட்டுங்கள். தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

மாட்டியதும் செல்ஃப் அடிக்காதீர்கள். சாவி மட்டும் போட்டு ஸ்கேனரில் பழைய ஃபால்ட் கோடுகளை அழித்து, பெடல் 0-லிருந்து 100 வரை ஏறுகிறதா என்று பாருங்கள். நின்ற இன்ஜினில் ரெயில் சென்சார் 0.5 வோல்ட்டுக்குப் பக்கமாக வர வேண்டும். இன்ஜெக்டர் கோடுகள் ஒத்திருக்கிறதா பார்த்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட். பிடித்த பின் சூடேறும்வரை ஐடிலில் விட்டு, லோடு இல்லாமல் ஒரு சுற்று போய் வந்து மறுபடி கோடு படியுங்கள்.

பழைய பெட்டி ஏன் செத்தது என்று தெரியாமல் புதிதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். இந்தப் பக்கம் அடிக்கடி நடப்பது இரண்டு. ஒன்று, ஐஸ் பெட்டி பாடியில் விரிசல் என்று பேட்டரியைக் கழற்றாமலே வெல்டிங் வைப்பது. பேட்டரி இரண்டு முனையையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றி, வெல்டிங் எர்த் கிளிப்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, விடியற்காலையில் இறங்குதளத்தில் வண்டி பிடிக்கவில்லை என்று பக்கத்தில் நிற்கும் 24 வோல்ட் லாரியிலிருந்து இந்த 12 வோல்ட் வண்டிக்குக் கேபிள் கொடுப்பது. அவசரத்தில் நடக்கும், பெட்டி அதிலேயே போய்விடலாம். டைனமோ சார்ஜிங்கையும் பாருங்கள்: 13.8-லிருந்து 14.6 வரை சரி, 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றாமல் புதுப் பெட்டியை மாட்டாதீர்கள். சோலனாய்டு இன்ஜெக்டர் காயில் பெரும்பாலும் அரை ஓமுக்கும் குறைவாகவே காட்டும், மீட்டர் வயரின் ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். காயிலுக்கும் இன்ஜெக்டர் உடம்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் ஈசிஎம் டிரைவரைக் கொன்றது அந்த இன்ஜெக்டர்தான். மீன் பெட்டி லைட், ஜிபிஎஸ், ஹாரன் எல்லாம் ஈசிஎம் வயரைச் சீவி இணைத்திருந்தால் பிரித்தெடுத்து, பேட்டரியிலிருந்து தனிப் பியூஸ் போட்டுக் கொடுங்கள்.

மீன் பெட்டியின் வடிகால் குழாயைப் பின் சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிவிடுங்கள். சூடான இன்ஜினில் பிரஷர் வாஷ் வேண்டாம்: ஈசிஎம் கூடு ஒரு சிறு சவ்வு வழியாக மூச்சுவிடும், சூடான பெட்டியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளே சுருங்கும் காற்று ஈரத்தை உள்ளே இழுக்கப் பார்க்கும். கழுவும் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் அதில் கழுவுவதும் கடலில் முக்குவதும் ஒன்றுதான், கடைசி இரண்டு குடமாவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் ஓட்டமில்லாமல் வண்டி நின்றால் எலி வயரைக் கடிப்பதும் அப்போதுதான், கப்ளர்களைத் திறந்து பார்க்க நேரம் கிடைப்பதும் அப்போதுதான்.

கழற்றிய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், கடைக்காரர் "மாற்றிக்கொள்ளலாம்" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். உங்கள் வண்டியின் சாவியும் கோடும் அதற்குள்தான் இருக்கின்றன. குளோன் செய்த பெட்டி ஆறு மாதத்தில் மக்கர் செய்தால் மறுபடி படிக்க அதுதான் மிச்சம். பாலிதீன் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுக் கட்டி, வண்டி நம்பரை மேலே எழுதி, வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.